தர்ஜமா கொடுத்த வாக்குறுதி

எங்கள் பாலக்காடு பாராளுமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை ஆண்டு வாரியாகச் சொன்னால், கஞ்சிக்கோடு, வாளையார் பக்கத்துத் தமிழர்கள் ஒருவருக்கும் பிடிபடாது. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதுகூடப் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. ‘தும்மல் எலெக்‌ஷன்’ என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரியும். ‘சாப்பாட்டு எலெக்‌ஷன்’ என்றால் சிரிப்பார்கள். ‘பயனிலை எலெக்‌ஷன்’ என்றால் அன்று மைதானத்தில் எந்த மூலையில் நின்றோம் என்பது வரைக்கும் சொல்வார்கள். இந்தத் தேர்தல்களில் வேட்பாளர்கள் மாறினார்கள், கொடிகள் மாறின, டெல்லியில் ஆட்சிகள் மாறின. மாறாமல் மைக் முன்னால் நின்றவர் ஒரே ஒருவர். அவர் எந்தத் தேர்தலிலும் போட்டியிட்டதில்லை. அவர்தான் தர்ஜமா.

அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கும் பென்ஷன் ஆபீசுக்கும் மட்டும் தெரியும். தர்ஜமா என்றால் மலையாளத்தில் மொழிபெயர்ப்பு. தலைவர் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு வாக்கியம் பேசுவார். பக்கத்து மைக்கில் இவர் அதைத் தமிழில் சொல்வார். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். ஒல்லியாக, நெட்டையாக, கழுத்துப் பொத்தான் வரை போட்ட முழுக்கைச் சட்டையோடு, வெயில் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கையில் குடையோடு இருப்பார்.

எங்கள் பக்கத்தில் மலையாளம் தெரியாத தமிழர் கிடையாது. ரேஷன் கடையில் சண்டை போடுவது மலையாளத்தில், வீட்டுக்கு வந்து அதை விவரிப்பது தமிழில். ஆனாலும் ஓட்டு என்று கேட்டு வந்தால் எங்கள் பாஷையில் கேட்க வேண்டும். அது ஒரு கௌரவம். அதனால் எல்லாக் கட்சிகளுக்கும் தர்ஜமா தேவைப்பட்டார். எல்லாக் கட்சிகளும் அவரைக் கண்டு நடுங்கவும் செய்தன. காரணம், அவர் எதையும் விட மாட்டார்.

உத்தியோகத்தில் இருந்தவரை அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எத்தனையாவது பிளாட்பாரத்தில் வரும், எவ்வளவு தாமதம் என்பதை மூன்று மொழிகளில் சொல்வது வேலை. வந்த தகவலை வந்தபடி சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்தப் பழக்கத்தை அவர் அப்படியே மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

டெல்லியிலிருந்து வந்த ஒரு பெரிய தலைவர் பேச்சின் நடுவே தும்மினார். தர்ஜமா ஒரு கணம் பொறுத்திருந்து, “தலைவர் தும்முகிறார்” என்று மைக்கில் அறிவித்தார். அது தும்மல் எலெக்‌ஷன். அடுத்த முறை ஒரு வேட்பாளர் மேடையில் நின்றபடி தன் ஆளிடம் மலையாளத்தில் கிசுகிசுத்தார். அடுத்த நொடி தர்ஜமாவின் மணியான குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. “கூட்டம் கம்மியாக இருக்கிறது. சட்டென்று முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.” அவர் தோற்றார். அது சாப்பாட்டு எலெக்‌ஷன். அதற்கும் அடுத்தது, வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிக்கத் தெரியாத ஒரு பேச்சாளர். “இந்த நாட்டின் ஏழைகளுக்காக, விவசாயிகளுக்காக, தொழிலாளர்களுக்காக, பெண்களுக்காக…” என்று போய்க்கொண்டே இருந்தார். நடுவில் மூச்சு வாங்க நின்றார். கூட்டம் தர்ஜமாவைப் பார்த்தது. தர்ஜமா கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார்.

“இன்னும் பயனிலை வரலை. வந்தப்பறம் சொல்லறேன்.”

ஒரே நாளில் காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் எதிர்க் கட்சிக்கும் அவர் பேசியது உண்டு. காலையில் இவர்கள் நாட்டைக் கெடுத்தவர்கள், மாலையில் அவர்கள். நான் ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

“ஏனுங்க சார், உங்களுக்கே குழப்பமா இருக்காதுங்களா?”

“என்னத்துக்குக் குழப்பம்? அவா சொன்னதை அவாளுக்குச் சொன்னேன். இவா சொன்னதை இவாளுக்குச் சொன்னேன். நடுவிலே நான் வாயாக்கும், அவ்வளவுதான்.”

நான் அப்போது பாலக்காடு டவுனில் ஒரு டி.டி.பி. கடை வைத்திருந்தேன். எந்தக் கட்சியானாலும் தமிழ் நோட்டீஸ் என்றால் என் கடைதான். மலையாள வாசகத்தைத் தமிழாக்கித் தருவது தர்ஜமா. அப்படித்தான் பழக்கம். ஒரு கட்சி அவருடைய தொல்லை தாங்காமல் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பேச்சாளரை இறக்கியது. அவர் அருவி மாதிரிப் பேசினார். “தர்ஜமா வரலீங்களா?” என்று கேட்டுவிட்டுக் கூட்டம் பாதியில் கலைந்து போயிற்று. அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் அந்தப் பரீட்சைக்குப் போகவில்லை.

இனி நான் சொல்லப் போவது கடைசியாக நடந்த பாராளுமன்றத் தேர்தலில் நடந்தது. எங்கள் பக்கம் அதற்கு ‘குடத்து எலெக்‌ஷன்’ என்று பெயர்.

கஞ்சிக்கோட்டைத் தாண்டி வாளையார் போகும் வழியில் ஒரு காலனி. ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் பக்கத்துக் கம்பெனிகளில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள். தெருவுக்குத் தெரு குழாய் நட்டிருந்தார்கள். நட்டதோடு சரி. ஒரு நாள்கூட அதில் தண்ணீர் வந்ததில்லை. ஒரு குழாயில் ஆட்டைக் கட்டுவார்கள், இன்னொன்றில் துணி காயும். அந்த வருஷம் வெயில் வேறு கொளுத்தியது. காலனிக்காரர்கள் கூடிப் பேசி, இந்தத் தடவை ஓட்டுப் போடுவதில்லை என்று முடிவெடுத்து, முகப்பில் ஒரு தட்டியை வைத்துவிட்டார்கள். ‘ஓட்டுக் கேட்டு வராதீங்க. தண்ணியோட வாங்க.’

கட்சிக்காரர்கள் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். ஒரு ஸ்தானார்த்தி மட்டும் போயே தீருவேன் என்றார். வேட்பாளரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் கல்லூரியில் வாத்தியாராக இருந்தவர், முதல் தேர்தல், நல்ல மனுஷர். பொய் சொல்ல வராது. அந்த வகையில் அரசியலுக்கு லாயக்கில்லாதவர். தர்ஜமாவைக் கூட்டி வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதனால் திறந்த ஜீப்பின் பின்பக்கத்தில் நானும் இருந்தேன்.

தட்டியைத் தாண்டி உள்ளே நுழைந்தோம். தெருவில் ஆள் இல்லை. கதவுகள் சாத்தியிருந்தன. ஜீப் பாதித் தெரு போனதும் எதிரே பெண்கள் வந்தார்கள். சத்தம் போடவில்லை. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து ரோட்டின் குறுக்கே வரிசையாக வைத்தார்கள். டிரைவர் ரிவர்ஸ் எடுக்கத் திரும்பிப் பார்த்தார். பின்னாலும் குடங்கள்.

“எஞ்சினை அணைச்சுருங்க” என்றார் முன்னால் நின்ற அம்மா. பெயர் ருக்மணி. காலனியில் எல்லோருக்கும் ருக்மணியக்கா. குள்ளமான உருவம், கம்பெனி யூனிபார்ம் சட்டையைப் புடவை மேல் போட்டிருந்தார். டிரைவர் அணைத்தார்.

வெற்றுக் குடம்தானே, மேலே ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று நீங்கள் நினைக்கலாம். ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆண்களைப் பார்த்திருந்தால் நினைத்திருக்க மாட்டீர்கள். அதில் லுங்கி கட்டிய ஒருத்தர் மெதுவாகத் தரைக்குக் குனிந்தார். செருப்பு வாரைச் சரிசெய்யத்தான் குனிந்தார் என்று பிறகு தெரிந்தது. அப்போது தெரியாததால் நான் ஜீப்பின் தரையில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்தானார்த்தி எழுந்து நின்றார். கும்பிட்டார். மைக்கை வாங்கினார். அவர் பேசியது இதுதான்.

“எனிக்கு ஒந்நும் உறப்பு பறயான் பற்றில்லா. பைப்பின்றெ காரியம் படிக்கணம். ஸ்ரமிக்காம்.”

எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, குழாய் விஷயத்தை ஆராய வேண்டும், முயற்சி செய்கிறேன். அவ்வளவுதான் சொன்னார். நேர்மையான பேச்சு. எந்தக் கிறுக்கன் இந்த நேரத்தில் நேர்மையாகப் பேசுவான் என்று டிரைவர் வாய்க்குள் முனகியது எனக்குக் கேட்டது.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ருக்மணியக்கா கையை உயர்த்தினார். அடங்கியது.

“எங்களுக்கு மலையாளம் புரியாதுங்க. தமிழ்ல சொல்லச் சொல்லுங்க.”

அந்த அம்மா கம்பெனி சூப்பர்வைசரிடம் மலையாளத்தில் வாதாடி ஓவர்டைம் வாங்கித் தருகிறவர். அங்கே நின்ற ஒவ்வொருத்தருக்கும் அந்த மூன்று வாக்கியமும் எழுத்து எழுத்தாகப் புரிந்திருந்தது. ஆனாலும் எல்லோரும் தர்ஜமாவைப் பார்த்தார்கள்.

தர்ஜமா மைக்கைப் பிடித்தார். வழக்கமாக அவர் யோசிக்கவே மாட்டார். தலைவர் வாயை மூடும்போதே இவர் திறந்துவிடுவார். அன்று திறக்கவில்லை. குடங்களைப் பார்த்தார். வெயிலில் நின்ற ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். இந்த மனுஷர் இப்போது ‘உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது’ என்று அந்த மணிக்குரலில் அறிவிக்கப் போகிறார், நாங்கள் அத்தனை பேரும் தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“தண்ணி வரும்” என்றார் தர்ஜமா.

நான் கண்ணைத் திறந்தேன். ஸ்தானார்த்தி அவர் பக்கம் சாய்ந்து, மைக் திறந்திருப்பதை மறந்து, “சாரே, ஞான் அங்ஙனெ பறஞ்ஞில்லல்லோ” என்றார். நான் அப்படிச் சொல்லவில்லையே என்பது ஒலிபெருக்கி வழியாகக் காலனி முழுக்கப் போயிற்று.

ருக்மணியக்கா தர்ஜமாவையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அவர் இப்ப என்ன சொல்றாருங்க?”

“அடுத்த வருஷ மழைக்காலத்துக்கு முன்னாடி வரும்கறார்.”

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, வேறு எதுவா, தெரியவில்லை. ருக்மணியக்கா சிரிக்கவில்லை. நெடுநேரம் தர்ஜமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். ஒவ்வொரு குடமாக விலகியது. டிரைவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முதல் தடவை கிளம்பவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை நான் இன்றைக்கு வரைக்கும் மறக்கவில்லை. இரண்டாவது தடவை கிளம்பியது.

மெயின் ரோட்டுக்கு வந்தோம். எங்கள் எல்லோரையும்விடத் தர்ஜமாதான் அதிகம் ஆடிப்போயிருந்தார். என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“இத்தனை வருஷத்திலே ஒரு வண்டியைக்கூட நான் தப்பாச் சொன்னதில்லையடா. வாயிலே தானா வந்துடுத்து.”

காலனிக்காரர்கள் தட்டியை எடுத்துவிட்டார்கள். ஓட்டுப்பதிவு அன்று காலையிலேயே வரிசையில் நின்று போட்டார்கள். வாக்கு எண்ணிக்கை அன்று தர்ஜமா டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. ஸ்தானார்த்தி முதலில் முந்தினார். பிறகு பிந்தினார். தர்ஜமா முந்தும்போது வியர்த்தார், பிந்தும்போதும் வியர்த்தார். சாயங்காலம் ஸ்தானார்த்தி தோற்றது உறுதியானதும் நான் போன் செய்தேன்.

“சார், தோத்துட்டாருங்க. இனி யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க.”

“ஆமாம்” என்றார். அவர் குரலில் நிம்மதி இருந்தது என்று சொல்ல முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே போன் செய்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“சட்டுனு ஆத்துக்கு வா. அவா எல்லாரும் வந்திருக்கா.”

போனேன். கல்பாத்தியில் தேர் நாளில் தவிர அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து வீட்டு வாசலில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு குடம். தெருவில் உள்ளவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தர்ஜமா நிலைப்படியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டு நிழலில் நின்றுகொண்டு எதற்குக் குடை என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

“அவர் தோத்துட்டாரே அம்மா. நான் என்ன பண்ணறது?” என்றார்.

“அவர் ஒண்ணுமே சொல்லலீங்களே” என்றார் ருக்மணியக்கா. “சொன்னது நீங்க. நீங்க தோக்கலீங்களே.”

“உங்களுக்கு மலையாளம் தெரியாதுன்னு சொன்னேளே.”

“தெரியுமுங்க. அதனாலதான் அவரூட்டுக்குப் போகாம இங்க வந்தோம்.”

தர்ஜமா குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அவர் பின்னாலிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார். மாமி தாழ்ந்த குரல்காரர். அன்று கொஞ்சம் உரக்கவே பேசினார்.

“கல்யாணமான நாளிலேர்ந்து எனக்கு ஒரு வாக்குக் குடுத்ததில்லை இந்த மனுஷர். கேட்டா, நிச்சயமாத் தெரியாததைச் சொல்ல மாட்டேன்பார். உங்களுக்குக் குடுத்திருக்கார்னா சும்மா விடாதீங்கோ. உள்ளே வாங்கோ எல்லாரும், சம்பாரம் குடிச்சிட்டுப் பேசலாம்.”

எல்லோரும் உள்ளே போனார்கள். மோர் குடித்தார்கள். தர்ஜமாவுக்கு இனித் தப்ப வழியில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதன் பிறகு அவர் அலைந்த அலைச்சல் சாமான்யமில்லை. தண்ணீர் ஆபீசுக்குப் போனார். மோட்டார் வாங்க நிதி வேண்டும் என்றார்கள். நிதிக்கு எம்.பி. மனசு வைக்க வேண்டும் என்றார்கள். புது எம்.பி. டெல்லியில் இருப்பார், டெல்லியில் இல்லாதபோது வேறெங்கோ இருப்பார். மறு வருஷம் பங்குனி பிறந்தது. வெயில் ஏறியது. மழைக்காலத்துக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். கடைசியில் ஒரு நாள் எம்.பி. டவுன் ஆபீசில் மனு வாங்குகிறார் என்று தெரிந்ததும் ருக்மணியக்காவும் பெண்களும் போய் நின்றார்கள். தர்ஜமா முன்னால். நான் பின்னால், கதவுக்குப் பக்கத்தில்.

தர்ஜமாவைப் பார்த்ததும் எம்.பி.யின் முகம் மாறியது. அவருடைய கூட்டத்திலும் தர்ஜமா பேசியவர்தானே. என்னவெல்லாம் செய்வார் என்பது அவருக்கும் தெரியும். உதவியாளர் பக்கம் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார். தர்ஜமா பெண்கள் பக்கம் திரும்பினார்.

“‘இவரை யார் உள்ளே விட்டது’ன்னு கேக்கறார்.”

உதவியாளர் பாய்ந்து எழுந்தார். இங்கே சத்தம் போட்டால் போலீஸைக் கூப்பிட வேண்டி வரும் என்று மலையாளத்தில் எச்சரித்தார். தர்ஜமா அதையும் நிதானமாகத் தமிழில் சொன்னார். பெண்கள் யாரும் நகரவில்லை. வெளியே மற்ற மனுக்காரர்கள் கதவுக்குள் தலையை நீட்ட ஆரம்பித்தார்கள். அதில் ஒருவர் கையில் போனைப் பிடித்துப் படமெடுத்தார். உதவியாளர் போனைப் பிடுங்கப் போனார், எம்.பி. வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் கதவை ஒட்டி இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டேன்.

“எந்தா வேண்டது?” என்றார் எம்.பி.

“என்ன வேணும்னு கேக்கறார்.”

“தண்ணிங்க” என்றார் ருக்மணியக்கா.

“வெள்ளம்” என்றார் தர்ஜமா.

எம்.பி. மேஜையில் விரலைத் தட்டினார். “மழைக்கு முந்நெ நோக்காம்” என்றார்.

தர்ஜமா வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தோம். எம்.பி.யும் காத்திருந்தார், பேசியாயிற்றே, இவர் ஏன் சொல்லவில்லை என்று.

“‘மழைக்கு முன்னாடி’யா, இல்லே ‘பார்க்கலாம்’கறதா?” என்று தர்ஜமா அவரிடமே மலையாளத்தில் கேட்டார். பணிவாகத்தான் கேட்டார். “ரெண்டும் சேர்த்துச் சொன்னா இவாளுக்கு எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.”

யாரோ இருமினார்கள். எம்.பி. ருக்மணியக்காவைப் பார்த்தார், கதவிலிருந்த தலைகளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“மழைக்கு முந்நெ வெள்ளம் வரும்.”

தர்ஜமா திரும்பினார்.

“தண்ணி வரும்னு சொல்லறார்” என்றார்.

சொன்னவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ருக்மணியக்கா எம்.பி.யைக் கும்பிடவில்லை. இவரைத்தான் கும்பிட்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வரும் என்று சொல்வது வேறு, வருவது வேறு. மோட்டார் வந்தது. மோட்டாருக்குக் கரண்ட் வரவில்லை. கரண்ட் வந்தபோது பழைய குழாய் இரண்டு இடத்தில் வெடித்தது. இதற்குள் வைகாசி வந்துவிட்டது. பாலக்காட்டில் அந்த மாதத்தில் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் தர்ஜமாதான். காலையில் எழுந்ததும் மொட்டை மாடிக்குப் போய் வாளையார் மலைப் பக்கம் பார்ப்பார். மேகம் தெரிந்தால் எனக்குப் போன். ஒரு நாள் சாயங்காலம் சடசடவென்று கொட்டித் தீர்த்தது. அவர் என் கடையில்தான் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. ருக்மணியக்கா.

“மழை வந்துருச்சுங்க சார்.”

“இது வேனல் மழையாக்கும் அம்மா. இது கணக்கிலே வராது. காலவர்ஷம் இனிமேத்தான்.”

“நீங்க தர்ஜமாவாப் பேசறீங்களா, வக்கீலாப் பேசறீங்களா?”

போனை வைத்துவிட்டுக் கடைக் கூரையில் விழும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இந்த வயதில் மனுஷருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தோன்றியது. டீ வாங்கி வந்தேன், தொடவில்லை. “அந்தப் பொம்மனாட்டி என் முகத்தைப் பார்த்துத்தானே குடத்தை எடுத்தா” என்றார்.

தென்மேற்குப் பருவமழையான காலவர்ஷம் நெருங்கிவிட்டது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில் ருக்மணியக்கா மறுபடி கூப்பிட்டார். கிளம்பி வாருங்கள் என்று மட்டும் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. தர்ஜமாவும் கேட்கவில்லை. நானும் அவரும் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் வானம் கறுத்துக் கிடந்தது. கஞ்சிக்கோட்டில் இறங்கும்போது காற்று குடையைப் பிடுங்கியது. காலனி வரைக்கும் நடந்தோம். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

தெருவில் எல்லோரும் நின்றார்கள். அதே குடங்கள், அதே வரிசை. நடுவில் குழாய். ஆட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். எம்.பி. அப்புறமாக வந்து முறைப்படி திறந்து வைப்பாராம்.

“நீங்க திறங்க சார்” என்றார் ருக்மணியக்கா.

தர்ஜமா திருகினார். முதலில் காற்று வந்தது. புஸ் புஸ்ஸென்று இரைந்தது. பிறகு அதுவும் நின்றது. ஒரு பெருந்துளி என் கையில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன், மழைத் துளி. தர்ஜமாவும் பார்த்தார். அவர் முகத்தை அப்போது பார்த்திருக்கக் கூடாது. அடுத்து குழாய் ஒரு தடவை குலுங்கி, செம்மண் நிறத்தில் கக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, கனமாக விழ ஆரம்பித்தது.

யாரும் கத்தவில்லை. கைதட்டவில்லை. முன்னாலிருந்த பெண் குடத்தை வைத்தாள், அவ்வளவுதான். ருக்மணியக்கா ஒரு டம்ளரில் பிடித்துத் தர்ஜமாவிடம் நீட்டினார். அவர் குடித்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

“கொஞ்சம் துரு வாசனை அடிக்கறது” என்றார்.

அப்போதுதான் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டார்கள். அவர் நின்றார். யோசித்தார். பக்கத்தில் பேச யாரும் இல்லை. இதுவரை அடுத்தவர் பேசியதை மட்டுமே பேசியவருக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில், “நன்னா இருங்கோ” என்றார். குடையை விரித்துக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். இனி மேடைக்குக் கூப்பிட வர வேண்டாம் என்று கட்சிக்காரர்களிடம் சொல்லிவிடச் சொன்னார். ஏன் என்று நான் கேட்பதற்குள் தூங்கிப்போனார். தலை மெதுவாகச் சாய்ந்து என் தோளில் வந்து நின்றது. கடையை அன்று திறக்கவில்லை, வீட்டுக்கு நான் இறங்க வேண்டியது சந்திரநகரில். சந்திரநகர் வந்தது. கண்டக்டர் இரண்டு தடவை கூவினார். நான் கையைக் காட்டிப் போகச் சொன்னேன். டவுன் ஸ்டாண்டில் பஸ் நின்ற பிறகுதான் அவர் விழித்தார்.

“ஏன்டா, உன் ஸ்டாப் போயிடுத்தே.”

“டவுன்ல ஒரு வேலை இருக்குதுங்க சார்” என்றேன்.

அந்த மழையில் எனக்கு டவுனில் ஒரு வேலையும் இல்லை.